விலக்கில் நிற்காத பஸ்

செப்டம்பர் 9, திங்கள்

ஸ்கூட்டரை விற்றுவிட்டார்கள்.

ஓய்வூதியர் சங்கத்தில் ஜனவரி மாதம் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் சும்மா கிடந்தது. இன்றைக்கு யாரையாவது நன்றாகத் திட்ட வேண்டும்போல் இருக்கிறது. வீட்டில் ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

காலையில் ஒருத்தன் வந்து, "ஆச்சி, வண்டிய எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்" என்றான். எந்த வண்டி என்றேன். சென்னையில் இருந்துகொண்டே என் மாப்பிள்ளை போனில் பேசி முடித்திருக்கிறார். மகள் எழிலைக் கூப்பிட்டு, என்னட்டி இது என்று கேட்டேன்.

"எம்மா, டாக்டர்தான் சொல்லிட்டாரே. உனக்குக் கண் நரம்பு போய்க்கிட்டு இருக்கு. இனி வண்டி ஓட்டவே கூடாது. போன மாசம் மாட்டு மேல கொண்டுபோய் விட்டியே, அது ஒரு புள்ளையா இருந்தா?"

நான் மாட்டின் மேல் விடவில்லை. மாடுதான் என் மேல் வந்து விழுந்தது. இடது பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் வந்தது. கிராம சுகாதார நர்ஸாக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். முதலில் சைக்கிள், அப்புறம் மொபெட், அப்புறம் ஸ்கூட்டர். தடுப்பூசிப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு எந்தச் சகதியில் போகவில்லை? அப்போதெல்லாம் எந்த மாப்பிள்ளையும் வந்து பத்திரம் அத்தை என்று சொல்லவில்லை.

வந்தவன் வண்டியை உருட்டிக்கொண்டு போனான். நான் வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய் ரசத்துக்குப் புளி கரைத்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

எழில் மறுபடியும் போன். "அந்தக் காட்டுல தனியா எப்படிம்மா இருப்ப? வண்டியும் இல்ல. வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துரு."

பிள்ளைக்குளம் காடா? ஜங்ஷனிலிருந்து அரை மணி நேரம். போன வருடம் அவள் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்தேன். ஒன்பதாம் மாடி. பால்கனியில் புறாவுக்கு வலை. புறாவுக்குப் போட்ட வலைக்குள் நான் இருந்தேன். பார்சல்காரன் வந்தால் கதவைத் திறந்து வாங்கி வைப்பது மட்டும்தான் எனக்கு வேலை. அங்கே போனால் நான் ஒரு வருடத்தில் செத்துப்போவேன். அவளிடமும் இப்படியே சொன்னேன்.

ரொம்ப நேரம் கத்தினோம். கடைசியில் அவள் இறங்கி வந்தாள். "சரி. தீபாவளிக்குள்ள கண் ஆஸ்பத்திரி செக்கப்புக்கு நீயாத் தனியாப் போய்ட்டு வந்து காட்டு. போய்ட்டா நான் வாயத் திறக்கமாட்டேன். போக முடியலன்னா வீட்டப் பூட்டிட்டு வந்துரணும். சத்தியமா?"

"சத்தியம்ட்டி" என்றேன். அரை மணி நேரத் தூரம். இதுக்குப் போய் ஒரு பந்தயம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மாப்பிள்ளை போனில் ஆட்டோ கூப்பிடுகிற ஆப் போட்டுக் கொடுத்திருந்தார். "ஒரு பட்டன்தான் அத்தை, ஆட்டோ வாசல்ல வந்து நிக்கும்" என்று பீற்றிக்கொண்டார். அமுக்கினேன். ஆட்டோ வருவதாகப் படம் காட்டியது. கால்வாய்ப் பாலம் வரை வந்தது, திரும்பிவிட்டது. அடுத்தவனும் பாலத்தோடு திரும்பினான். மூன்றாவது ஆள் மட்டும் போன் பண்ணினான். "பிள்ளைக்குளமா? அங்கன வந்துட்டு வெறும் வண்டியாத் திரும்பணும் ஆச்சி, கட்டாது."

நல்லவன். திரும்புவதற்குமுன் காரணமாவது சொன்னான்.

செப்டம்பர் 20, வெள்ளி

ஷேர் ஆட்டோ. டிரைவர் பக்கத்தில் பாதி சீட்டில் உட்கார வைத்தான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் ரோட்டில். வளைவில் என் பை வெளியே விழுந்தது. நிறுத்துடா என்றால், "திரும்பி வரும்போது எடுத்துக்கலாம் ஆச்சி" என்கிறான், மூதி. பைக்குள் முருங்கைக்காயும் சில்லறையும்தான் இருந்தன. நான் விழுந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

அடுக்களை நிலைக்கதவில் இடது தோளை இடித்துக்கொண்டேன். ஆசாரி கோணலாக வைத்திருக்கிறான். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் தெரிகிறது.

செப்டம்பர் 30, திங்கள்

இருக்கவே இருக்கிறது டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம் வேறு. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று நினைத்து விலக்குக்கு நடந்தேன். பெரிய ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற இடம்தான் விலக்கு. ஒரு வேப்பமரம், சேர்மக்கனியின் டீக்கடை, அவ்வளவுதான்.

அங்கே பாக்கியத்தாய் பீடிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் சுற்றிய பீடியைத் தினமும் டவுன் கடையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அவளுடைய மூன்று பிரசவமும் நான் பார்த்ததுதான். "என்ன நர்சம்மா, வண்டி எங்க?" என்றாள். ரிப்பேர் என்றேன்.

பஸ் வந்தது. கை காட்டினேன். போய்விட்டது.

"நிக்கமாட்டான் நர்சம்மா" என்றாள் பாக்கியம். "பொம்பளையாளு மட்டும் நின்னா நிக்கமாட்டான். ஓசி டிக்கெட்டுல்லா. எல்லாரும் அப்படி இல்ல. இந்தக் காலம்பற வண்டிக்காரன்தான் ரொம்ப மோசம். நான் மத்தியான வண்டிக்குன்னு வந்து இப்பவே உக்காந்துருதேன்."

"கேக்க மாட்டியாட்டி?"

"யாரக் கேக்க? நின்னாத்தான கேக்க."

அடுத்ததும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தேன். தலைவலி.

அக்டோபர் 7, திங்கள்

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் எனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். விடியற்காலையிலேயே போய் நின்றேன். முதல் பஸ் போனது. இரண்டாவது பஸ் கொஞ்ச தூரம் தள்ளி மெதுவாகப் போனது. நிற்கிறானாக்கும் என்று நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். எழுபது வயதில் ஓடினேன். பக்கத்தில் போனதும் வேகமெடுத்துவிட்டான். படியில் நின்ற கண்டக்டர் சிரித்தான். என் கண்ணைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்தது.

புகார் நம்பருக்கு அடித்தேன். "வண்டி நம்பர் என்னம்மா?" என்றான். போகிற பஸ்ஸின் நம்பரை நான் எப்படி வாசிப்பேன்? "உன் தாத்தா வந்து வாசிப்பாரு" என்று வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். 22ஆம் தேதிக்குத் தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். எழிலிடம், டாக்டர் லீவு என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 9, புதன்

சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். நானும் பாக்கியமும் நின்றோம், பஸ் போனது. கொஞ்ச நேரம் கழித்து சேர்மக்கனி கடையிலிருந்து ஒரு தடியன் பல்லைக் குத்திக்கொண்டே ரோட்டோரம் வந்தான். கைகூடக் காட்டவில்லை. அடுத்த பஸ் அவன் காலடியில் வந்து நின்றது. அவன் பஸ்ஸுக்கு வரவே இல்லை, துப்புவதற்கு வந்திருக்கிறான். நாங்கள் எழுந்து போவதற்குள் விசில் அடித்துவிட்டார்கள்.

வயிறு எரிகிறது. மோர் குடித்தும் அடங்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

ஆத்திரம் இன்னும் தீரவில்லை. ஆனால் போய்விட்டு வந்துவிட்டேன்!

காலையில் குளித்துவிட்டு அவருடைய பீரோவைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார் போய் ஆறு வருடம் ஆகிறது. சட்டைகளை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை ஒன்றைப் போட்டேன். வேட்டி இடுப்பில் நிற்கமாட்டேன் என்றது, பெல்ட் போட்டு இறுக்கினேன். மூக்குத்தியைக் கழற்றினேன். கொரோனா காலத்து முகக்கவசம் ஒன்று கிடந்தது, மாட்டிக்கொண்டேன். துண்டை முண்டாசாகக் கட்டிக் கொண்டையை அதற்குள் திணித்தேன்.

விலக்கில் பாக்கியம் என்னைப் பார்த்து, "யாரு அண்ணாச்சி, ஊருக்குப் புதுசா?" என்றாள். முகக்கவசத்தை இறக்கினேன். "ஏசுவே!" என்று பீடிக்கட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

"நீ மரத்துக்குப் பின்னால நில்லு. உன்னப் பாத்தா போயிருவான்" என்றேன்.

பஸ் வந்தது. நான் கை காட்டவில்லை, தடியன் நின்ற மாதிரியே நின்றேன். காலடியில் வந்து நின்றது. "ஏறுங்க பெரியவரே, பைய ஏறுங்க, அவசரமில்ல" என்று கண்டக்டர் கையை நீட்டினான். அதே கண்டக்டர். சேலையோடு ஓடி வந்தபோது சிரித்தவன், வேட்டிக்குக் கை கொடுக்கிறான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். பாக்கியமும் பின்னாலேயே ஓடி வந்து ஏறிவிட்டாள்.

"எங்க போகணும் பெரியவரே?"

முண்டாசை அவிழ்த்தேன். கொண்டை சரிந்து முதுகில் விழுந்தது. "கண் ஆஸ்பத்திரி. ரெண்டு லேடீஸ். ஓசி டிக்கெட் கிழி" என்றேன்.

பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன ஆச்சி, கூத்துக்கா போறீய?"

"சேலை கட்டிட்டு நின்னா நீ நிக்கலியேடா."

"வண்டி ஃபுல்லா இருந்திருக்கும்."

"இன்னைக்கு வேட்டியப் பாத்ததும் காலி ஆயிட்டாக்கும்?"

டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சவத்தக் கீழ எறக்கி விடும்வே" என்றான். "எறக்கிப் பாரு, வேட்டிய இங்கனயே அவுத்துப் போட்டுருவேன்" என்றேன். உள்ளே பாவாடை கட்டியிருந்தேன். அது அவனுக்குத் தெரியாதே! டிக்கெட் கிழித்துக் கொடுத்தான்.

ஆஸ்பத்திரிக் கக்கூஸில், பையில் கொண்டுபோன சேலையைக் கட்டிக்கொண்டேன். செக்கப் முடிந்தது. டாக்டர் நிறையப் பேசினார். வலது கண்ணைப் பற்றியும் என்னவோ சொன்னார். எல்லாவற்றையும் எழுத இந்தப் பக்கத்தில் இடமில்லை. மருந்துச் சீட்டு கொடுத்தார். கடையில் அந்தச் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். திரும்பும்போது வேறு பஸ், நல்ல மனிதர்கள், சேலைக்கே நின்றது.

எழிலுக்குப் போன் போட்டு, "போய்ட்டு வந்துட்டேன்ட்டி" என்றேன். "நெசமாவா! தனியாவா!" என்று சந்தோஷப்பட்டாள். எப்படிப் போனேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

சேர்மக்கனி போனை நீட்டினான். பஸ்ஸில் எவனோ என்னைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறான். "வேட்டி கட்டிய ஆச்சியின் அட்டகாசம்." நான் கொண்டையை அவிழ்ப்பதும் கையை ஆட்டுவதும் தெரிகிறது. நான் பேசியது ஒரு வார்த்தை கேட்கவில்லை, மேலே ஏதோ சிரிப்பு மியூசிக் போட்டிருக்கிறான். நான் கேட்ட கேள்வி எங்கேடா?

மத்தியானம் எழில் கூப்பிட்டாள். அழுதாள்.

"எம்மா, உனக்கு என்னம்மா ஆச்சு? அப்பா சட்டையப் போட்டுக்கிட்டு... ஆபீஸ்ல எல்லாரும் அந்த வீடியோவப் பாத்துட்டாங்கம்மா."

"பஸ் நிக்கலட்டி, அதான்..."

"பஸ் நிக்கலன்னா யாராவது வேட்டி கட்டுவாங்களா? நாங்க சனிக்கிழமை வாரோம். இங்க ஒரு நல்ல டாக்டர் இருக்காரு, மனசுக்குப் பாக்குறவரு. பயப்படாத."

பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டாள். நான் பெற்ற பிள்ளை.

அக்டோபர் 26, சனி

காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, எல்.கே.ஜி. பிள்ளையிடம் பேசுகிற குரலில் கேட்டார். "அத்தை, டென்ஷன் ஆகாதீங்க. இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பாப்போம்?"

"நீங்க வந்திருக்கியள்லா மாப்ள. சனிதான்" என்றேன்.

எழில் சிரிக்கவில்லை. என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கையிலிருந்து தோள் வரை அங்கங்கே கன்றிப்போயிருந்தது. "இது என்ன?" என்றாள். நிலைக்கதவு என்றேன். "இது?" அதுவும் கதவுதான். "எல்லாமே இடது பக்கமா இருக்கே?"

ஆசாரியைப் பற்றிச் சொன்னேன். அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

என் சேலைகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டார்கள். திங்கள் காலையில் கிளம்புவதாம். "வாயத் திறக்கமாட்டேன்னு சொன்னியேட்டி, நான்தான் போய்ட்டு வந்துட்டேனே" என்றேன். "அது போனதுல சேர்த்தி இல்லம்மா" என்றாள்.

சேர்த்தி இல்லையாம்! வேட்டி கட்டிக்கொண்டு போனால் கண்ணில் ஊற்றிய மருந்து இறங்காதா?

சாப்பிடவில்லை. எழில் கெஞ்சினாள். அப்போதும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

காலையில் பெட்டியை டிக்கியில் வைத்தாகிவிட்டது. நான் வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

"சொட்டு மருந்து வாங்கணும். இன்னைக்கு வரச் சொல்லியிருக்காக" என்றேன். "போற வழில கார்ல வாங்கிக்கலாம் அத்தை" என்றார் மாப்பிள்ளை. "கார்ல வரமாட்டேன். எழில் என்கூட விலக்குல வந்து நிக்கட்டும். பஸ் நின்னா, நான் பைத்தியம்னு ஒத்துக்கிட்டு நீங்க சொல்லுத எடத்துக்கு வாரேன்."

எழில் வந்தாள். ஆபீஸுக்குப் போடுகிற சுடிதார், கறுப்புக் கண்ணாடி. விலக்கில் நான், அவள், பாக்கியம்.

பஸ் வந்தது. எழில் அழகாகக் கை காட்டினாள். போய்விட்டது. "பாத்திருக்கமாட்டான்" என்றாள். அடுத்தது வந்தது. இந்தத் தடவை ரோட்டுக்கே இறங்கிப் போய் இரண்டு கையையும் ஆட்டினாள். ஒதுங்கிப் போய்விட்டான். ராத்திரி பெய்த மழைத் தண்ணீர் அவள் சுடிதாரில் இடுப்பு வரை அடித்தது.

"ஏல! நில்லுல! மூதி!" என்று கத்தினாள். பதினைந்து வருடம் சென்னையில் இருந்தும் எங்கேயும் போகவில்லை என் பிள்ளையின் வாய். "எம்மா, இப்படியா தெனமும்?"

"தெனமும்தான்" என்றாள் பாக்கியம்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை எங்களைத் தேடி நடந்து வந்தார். யாரிடமோ போன் பேசிக்கொண்டே ரோட்டோரம் நின்றார். கண் ஆஸ்பத்திரி வழியாகப் போகிற அடுத்த வண்டி தூரத்திலிருந்தே வேகம் குறைத்தது. நேராக அவர் முன்னால் வந்து நின்றது. "ஏறுங்க சார், உள்ள எடம் இருக்கு" என்றான் கண்டக்டர்.

மாப்பிள்ளை முழித்தார். "நான் வரலையே" என்றார்.

எழில் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எம்மா, ஏறு. பாக்கியக்கா, ஏறுங்க. அவசரமே இல்ல, பைய ஏறுங்க." நாங்கள் ஏறினோம். "சார் வரலையா?" என்றான் கண்டக்டர். "சார் வரல. சார் இல்லன்னா எங்கள மனுசராத் தெரியாதோ உனக்கு?" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் ஜங்ஷன் வரைக்கும் நிறுத்தவில்லை. வழியில் எந்த ஸ்டாப்பிலாவது சேலை தெரிந்தால், "நிப்பாட்டு, ஆளு நிக்கி!" என்று டிரைவர் முதுகுக்குப் பின்னாலேயே போய்க் கத்தினாள். நின்றது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றது. பஸ் பெண்களால் நிரம்பிவிட்டது. இந்தத் தடவை யாரும் படம் பிடிக்கவில்லை, சவங்கள்.

பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அவள் வந்தது தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். என் இடது பக்கம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரமா இங்க இருக்க?" என்றேன்.

"கை காட்டினேன்மா உன் முகத்துக்கிட்ட. நீ பாக்கவே இல்ல."

அதற்குமேல் ஆசாரியைத் திட்ட முடியவில்லை. சொல்லிவிட்டேன். இடது பக்கம் ஒன்றும் தெரியவில்லை, வலது கண்ணிலும் ஓரம் மங்குகிறது, இனிமேல் போனது திரும்பாது, சொட்டு மருந்து விடாமல் போட்டால் இருப்பது இப்படியே நிற்கலாம் என்று டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். "பயமா இருக்குட்டி" என்றும் சொன்னேன். இதை டைரியில்கூட நான் எழுதியதில்லை.

"அப்போ வந்துரும்மா என்கூட."

"கண்ணு போறது என் தலையெழுத்து. சரின்னு விட்டுருதேன். பஸ் நிக்காததும் என் தலையெழுத்தா? அவன் நிக்காததுக்கு நான் ஏன் வீட்டப் பூட்டணும்?"

ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தது. இறங்கும்போது என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உதறவில்லை. மருந்து வாங்கினோம். வெளியே வந்து நின்று, மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "பெட்டிய எறக்கி உள்ள வைங்க" என்றாள். அந்தப் பக்கம் அவர் என்னவோ கேட்டார். "அம்மாவுக்குப் பைத்தியம் இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாசாமாசம் செக்கப்புக்கு நான் லீவு போட்டுட்டு வாரேன்மா" என்றாள். "அந்த ஒரு நாளாவது உன்கூட விலக்குல நிக்கேன்."

"நீ வந்து என்னட்டி செய்ய? உனக்கும் நிக்கமாட்டான்" என்றேன். "மாப்ளைய அனுப்பு."